அந்தச் சில்லில் 'மலேசியா' என்று எழுதியிருந்தது

கடந்த பருவ விடுமுறையில் ஒரு பழைய ஆர்க்கேட் விளையாட்டுப் பலகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாளிதழ்த் தாளில் சுற்றி, புத்தகப் பையில் வைத்து, பேருந்தில் மடியில் ஏந்தியபடி வந்த அந்தப் பொருளைச் சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "என்னம்மா இது, மெசின் கூடாவா?"

'மெசின் கூடா' என்றால் என்னவென்று ஜொகூரில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடைவீட்டு வரிசையில் கறுப்புக் கண்ணாடி ஒட்டிய கதவு. உள்ளே இரவு பகல் தெரியாத வெளிச்சம். சம்பள நாளில் அங்கே நுழைந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய மாமா ஒருவர் பல குடும்பங்களில் இருக்கிறார். 'விளையாட்டு மையம்' என்று பலகை மாட்டிக்கொண்டு சூதாட்ட இயந்திரங்களை நடத்திய கடைகளால்தான் ஆர்க்கேட் என்ற சொல்லே நம் வீடுகளில் கெட்டுப்போனது. பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் 1953ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கு உள்ளே இருப்பது சண்டை விளையாட்டா, குதிரைப் பந்தயமா என்று எப்படித் தெரியும்? எனவே அப்பாவின் கேள்வியில் தவறில்லை.

என் பதில் அன்று சரியாக வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். பழைய ஆர்க்கேட் பலகையை வீட்டில், குறைந்த செலவில், நாமே இணைத்து விளையாடுவது வீண் வேலை இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாங்கிச் சேர்ப்பதற்காக அதைச் செய்யக்கூடாது. பழுது பார்க்கக் கற்றுக்கொள்வதற்காகச் செய்ய வேண்டும்.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பலகையில்?

பேரங்காடியில் நிற்கும் ஆர்க்கேட் இயந்திரம் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு திரை, ஒரு மின்வழங்கி, கைப்பிடிகள், பொத்தான்கள். விளையாட்டு முழுவதும் ஒரே ஒரு மின்சுற்றுப் பலகையில் இருக்கும். கடைக்காரர் புதிய விளையாட்டு போட நினைத்தால் பெட்டியை மாற்ற மாட்டார். பலகையை மட்டும் மாற்றுவார்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பலகைக்குத் தனித்தனி இணைப்பு வைத்திருந்தது. ஒரு பலகையைக் கழற்றி இன்னொன்றைப் போட மணிக்கணக்கில் கம்பிகளை மாற்ற வேண்டும். 1985 வாக்கில் ஜப்பானின் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொதுத் தரத்தைக் கொண்டு வந்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே அதற்கும் பெயரானது: ஜாமா. பலகையின் ஓரத்தில் ஒரு பக்கத்துக்கு 28 என்று இரண்டு பக்கமும் 56 தொடுமுனைகள். எதில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட், எதில் சிவப்பு, பச்சை, நீலம், எதில் முதல் ஆட்டக்காரரின் இடது, வலது என்று எல்லாமே அதில் வகுக்கப்பட்டுள்ளன.

ஏழை மாணவருக்கு இந்தப் பொதுத் தரம்தான் வரம். ஒருமுறை 56 முனைகளுக்குக் கம்பி இழுத்துவிட்டால் அதே கம்பியில் நூற்றுக்கணக்கான வெவ்வேறு விளையாட்டுகளைச் செருகலாம். மரப்பெட்டியே வேண்டாம். பலகை, மின்வழங்கி, கைப்பிடி, தொலைக்காட்சி ஆகியவற்றை நேரே இணைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ஆர்வலர்கள் வைத்த பெயர் 'சூப்பர்கன்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் வாங்கிய பலகை 'ஸ்னோ பிரதர்ஸ்'. ஜப்பானின் டோவாபிளான் நிறுவனம் 1990இல் வெளியிட்டது. இரண்டு பனிமனிதத் தம்பிகள் அரக்கர்களைப் பனியால் மூடி உருட்டித் தள்ளும் விளையாட்டு. டோவாபிளான் 1994இல் நொடித்துப்போனது. பலகை மட்டும் இன்னும் ஓடுகிறது. பெயரைச் சொன்னவுடன் அப்பாவின் முகம் மாறியது. "இதுவா? இருபது சென் போட்டு விளையாடியிருக்கேன்!"

செலவுக் கணக்கு

மாணவர் பக்கத்தில் எழுதிவிட்டு விலையைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. என் கணக்கு இது. 'சோதிக்கப்படவில்லை' என்ற குறிப்போடு இணையத்தில் கிடைத்த பலகை 180 ரிங்கிட். ஆர்க்கேட் மின்வழங்கி 45. ஜாமா கம்பித் தொகுப்பு 18. பலகையின் நிறச் சமிக்ஞையைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றும் சிறு கருவி 60. இரண்டு கைப்பிடிகளும் பொத்தான்களும் 55. சோல்டரிங் அயர்ன் 25. மல்டிமீட்டர் 20. மொத்தம் 403 ரிங்கிட். ஏழு மாதங்களில், டியூஷன் சொல்லிக்கொடுத்த பணத்தில், ஒவ்வொன்றாக வாங்கினேன். பொத்தான்களைப் பொருத்திய பலகை பழைய அலமாரிக் கதவு. ஒலிபெருக்கி பழைய வானொலியில் கழற்றியது.

தொலைக்காட்சிக்குச் செலவே இல்லை. 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாட்டில் அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது. பின்புறம் புடைத்த பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் வீட்டுக்கு வீடு மூலைக்குப் போயின. பக்கத்து வீட்டுப் பாட்டி தன்னுடையதை "எடுத்துக்கிட்டுப் போம்மா, இடமாவது மிச்சம்" என்று கொடுத்துவிட்டார். ஆர்க்கேட் பலகைக்கு அதுதான் பொருத்தமான திரை. அந்தக் காலப் பலகைகள் பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 15,700 கிடைக்கோடுகள் என்ற வேகத்தில் படம் அனுப்புகின்றன. குழாய்த் தொலைக்காட்சியும் அதே வேகத்தில் கோடு வரைகிறது. இன்றைய தட்டைத் திரைகள் பலவும் இந்தச் சமிக்ஞையை ஏற்பதில்லை. ஏற்றாலும் படத்தை உருமாற்றிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. பொத்தானை அழுத்திய பிறகு தாமதமாகத் துள்ளும் பனிமனிதன் அரக்கனிடம் மாட்டிக்கொள்வான்.

பாட்டியின் தொலைக்காட்சியின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துளைகள் இருந்தது என் அதிர்ஷ்டம். அதனால் தொலைக்காட்சியைத் திறக்கவே தேவை ஏற்படவில்லை.

அம்மா குனிந்து பார்த்தபோது

எல்லாம் இணைத்து விசையைப் போட்டேன். பின்னணிப் படம் வந்தது. இசை வந்தது. ஆனால் பனிமனிதர்களின் உடம்பில் மட்டும் கறுப்புக் கோடுகள். 180 ரிங்கிட் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அன்றிரவு மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பலகையை எடுத்து, குழல்விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "இந்தக் காலப் பாரு. சுத்தி ஒரு வளையம் தெரியுதா? சோல்டர் வெடிச்சிருக்கு."

எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிய பிறகுதான் தெரிந்தது. சில்லின் ஒரு காலைச் சுற்றி முடியளவு விரிசல்.

அம்மா கூலாய் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விட்டுக் குடும்பம் வெளியேறியபோது ஐந்தாம் படிவம் முடித்திருந்தார். அடுத்த எட்டு ஆண்டுகள் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலை. விடியும் முன் கிலாங் பேருந்து, நீலச் சட்டை, தலையில் துணித்தொப்பி. வேலையின் பெயர் 'டச்-அப்'. இயந்திரம் சோல்டர் செய்து அனுப்பும் பலகைகளில் சரியாகப் பற்றாத இடங்களைக் கண்ணால் கண்டுபிடித்துக் கையால் திருத்துவது. நாள் முழுவதும் அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டார். எங்கள் வீட்டில் அந்த எட்டு ஆண்டுகளுக்கு இருந்த பெயர் "அம்மா அப்ப பேக்டரில இருந்தாங்க" என்ற ஒரே வரி.

நான் புதிதாக வாங்கிய 25 ரிங்கிட் அயர்னை அம்மா கையில் எடுத்தார். முனையை ஈரப் பஞ்சில் துடைத்தார். "முதல்ல சூடு காலுக்கும் பலகைக்கும் சேந்து போகணும். அப்புறம்தான் ஈயம். நீ ஈயத்த உருக்கி மேல வைக்கிற, அது ஒட்டாது." மூன்று நொடி. கூம்பு போல், பளபளப்பாக ஓர் இணைப்பு உட்கார்ந்தது. பனிமனிதர்களின் உடம்பில் கோடுகள் போய்விட்டன.

திருத்திய சில்லைத் திருப்பிப் பார்த்தேன். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதான, சாதாரண தர்க்கச் சில்லு. அதன் முதுகில் எண்ணுக்குக் கீழே சிறிய ஆங்கில எழுத்துகளில் 'மலேசியா' என்று அச்சிட்டிருந்தது.

ஜப்பானியப் பலகையில் நம் நாட்டுப் பெயர் ஏன் இருக்கிறது என்று ஆச்சரியப்படத் தேவையில்லை. பினாங்கு பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலத்தில் இன்டெல், ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர் உள்ளிட்ட முதல் எட்டு நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்தில் வந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1972இல் கோலாலம்பூரில் தொடங்கியது. நம் ஜொகூரிலேயே முவார் நகரில், இன்று எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் ஆலை 1974 முதல் இயங்குகிறது. உலகம் முழுவதும் சென்ற சில்லுகளை உறையிட்டுச் சோதித்து அனுப்பிய கைகளில் பெரும்பாலானவை இளம்பெண்களின் கைகள். மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டத்திலிருந்து வந்த நம் பெண்கள். ஆர்க்கேட் கடைக்குள் பெண்பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலே பேச்சாகும் காலத்தில், அந்த இயந்திரங்களுக்குள் இருந்த சில்லுகள் அவர்கள் கையைக் கடந்துதான் போயிருக்கின்றன.

விளையாட்டில் தொடங்கிய என் ஆர்வம் அந்த இரவில் வேறு பக்கம் திரும்பியது.

இதில் என்ன பயன்?

2024 மே மாதம் அரசாங்கம் தேசியக் குறைக்கடத்தி வியூகத்தை அறிவித்தது. 60,000 திறன்மிக்கப் பொறியியலாளர்களை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. 2025 ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. செய்தியைப் படிக்கும்போது பெருமையாக இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு மின்சுற்றுப் பலகையைக் கையில் எடுத்து, இது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்திருக்கிறோம்?

கைப்பேசி பழுதானால் கடைக்குப் போகிறோம். கடைக்காரரும் முழுப் பலகையை மாற்றச் சொல்கிறார். இன்றைய பலகைகளில் பாகங்கள் கடுகைவிடச் சிறியவை. தொடக்கக்காரர் கற்க அவை ஏற்றவை அல்ல. 1980களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த ஆர்க்கேட் பலகைகளோ திறந்த புத்தகம் போன்றவை. கால்கள் பலகையைத் துளைத்து மறுபக்கம் வரும். சில்லின் மேல் எண் தெளிவாக எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தேடினால் அதன் தகவல் தாள் இலவசமாகக் கிடைக்கும். ஸ்னோ பிரதர்ஸ் பலகையின் மூளை 68000 என்ற செயலி. 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினியிலும் இருந்தது அதே வகைதான். ஒலியைக் கவனிப்பது இசட்80. 1976இல் அறிமுகமான அந்தச் செயலியின் மூல வடிவத்துக்கு 2024இல்தான் கடைசி ஆர்டர்களை வாங்கினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்!

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனைகள் பெரும்பாலும் ஏற்கெனவே சரியாக வேலை செய்பவை. விடை கையேட்டின் பின்பக்கத்தில் இருக்கும். பழுதான பலகைக்குப் பின்பக்கம் இல்லை. படம் வருகிறது, உருவம் மட்டும் கெடுகிறது என்றால் செயலி நலம். உருவத்தைக் கையாளும் பகுதியில் கோளாறு. இப்படி ஒவ்வொரு சந்தேகமாக நீக்கிக்கொண்டே போக வேண்டும். இந்த ஏழு மாதங்களில் நான் கற்றது அதைத்தான். நான் படிப்பது மின்னியல்கூட இல்லை, கணக்கியல். ஆனால் தணிக்கையில் பிழை தேடுவதும் இதே வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுப்புகள் நியாயமானவை

"இலவசமாகக் கணினியில் விளையாடலாமே, பழைய பலகை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மேம் என்ற மென்பொருள் 1997 முதல் ஆயிரக்கணக்கான ஆர்க்கேட் பலகைகளின் செயல்பாட்டைக் கணினியில் மீட்டுருவாக்கி வருகிறது. அதை நான் மதிக்கிறேன். பலகை பழுது பார்ப்பவர்களுக்கே அதன் ஆவணங்கள்தான் துணை. விளையாட மட்டும் ஆசை என்றால் நிறுவனங்களே வெளியிடும் பழைய விளையாட்டுத் தொகுப்புகளைக் குறைந்த விலைக்கு வாங்கி விளையாடுங்கள். அது சட்டப்படியும் சரி, சட்டைப்பைக்கும் சரி. மென்பொருளில் சோல்டர் வெடிக்காது என்பதுதான் அதன் நன்மை. எனக்கு அதுவேதான் அதன் குறை.

"நீ பிறக்கும் முன் வந்த விளையாட்டு மேல் உனக்கு என்ன ஏக்கம்?" என்பது அடுத்த கேள்வி. ஏக்கம் எனக்கு இல்லை, அப்பாவுக்கு உண்டு. வேலை முடிந்து வந்து, அலமாரிக் கதவில் பொருத்திய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வருசத்துக்கு முன்ன இந்த இடத்துலதான் சாவேன், இன்னிக்கும் அதே இடத்துல சாவுறேன்" என்று அவர் சிரிக்கும்போது அந்த ஏக்கத்தின் மிச்சம் எனக்கும் கொஞ்சம் கிடைக்கிறது.

"பணம் விரயம்" என்பது மூன்றாவது. இங்கே நான் எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொள்கிறேன். ஒரு பலகை பத்துப் பலகையாவது மிக எளிது. புகழ்பெற்ற விளையாட்டுகளின் அசல் பலகைகள் இன்று சேகரிப்பாளர்களின் சந்தைக்குப் போய்விட்டன; விலை மாணவர் கைக்கு எட்டாது. அந்தப் போட்டியில் இறங்காதீர்கள். பி.டி.பி.டி.என். பணத்தில் ஒரு சென்கூட இதற்குப் போகக்கூடாது. கடனாக வந்த படிப்புப் பணத்தில் பொழுதுபோக்கு வாங்குவதற்கும், அப்பா பயந்த கறுப்புக் கண்ணாடிக் கதவுக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

தொடங்குவோர் கவனத்துக்கு

முதலாவது, பாதுகாப்பு. குழாய்த் தொலைக்காட்சியின் பின்மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். வண்ணக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் இருக்கும்; மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் அது தங்கியிருக்கலாம். பின்புறத் துளைகள் வழியாக மட்டும் இணையுங்கள். மூடாத மின்வழங்கியை வீட்டில் சிறுவர் கைபடும் இடத்தில் வைக்கவே கூடாது. பழைய சோல்டரில் ஈயம் உண்டு. சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவது, மின்னழுத்தம். பலகையைச் செருகும் முன் மல்டிமீட்டரால் 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். இந்தச் சில்லுகள் பெரும்பாலும் 4.75 முதல் 5.25 வரைதான் தாங்கும். குறைந்தால் விளையாட்டு தானாக மறுதொடக்கம் ஆகும். கூடினால் சில்லு போய்விடும். கம்பித் தொகுப்பைத் தலைகீழாகச் செருகினாலும் அதே கதிதான்.

மூன்றாவது, படமும் ஒலியும். ஆர்க்கேட் பலகையின் நிறச் சமிக்ஞை, வீட்டுக் கருவிகள் எதிர்பார்க்கும் 0.7 வோல்ட்டைவிடப் பல மடங்கு வலுவானது. இடையில் மின்தடைகள் வைத்துக் குறைக்க வேண்டும். சில மாற்றுக் கருவிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கும். பலகையின் ஒலி நேரே ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்குப் பெருக்கப்பட்டது. அதை அப்படியே தொலைக்காட்சியின் ஒலித்துளையில் செருகாதீர்கள்.

நான்காவது, அசலும் நகலும். 1990களில் நகல் பலகைகள் ஏராளமாக வந்தன. 1992இல் பரவிய 'ரெயின்போ' என்ற நகல், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டைத் தாறுமாறாக வேகப்படுத்தியிருந்தது. அதே ஆண்டின் இறுதியில் கேப்காம் நிறுவனமே வேகம் கூட்டிய தன் சொந்தப் பதிப்பை வெளியிட்டது. அசல் பலகையில் நிறுவனத்தின் பெயரோ குறியீடோ பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். விற்பவரிடம் இரண்டு பக்கமும் தெளிவான படம் கேளுங்கள். தயங்குபவரிடம் வாங்காதீர்கள். 'நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் ஒரே பெட்டியில்' என்று விற்பவை அசல் பலகைகள் அல்ல. பெரும்பாலும் அனுமதியின்றி நகலெடுத்தவை.

ஐந்தாவது, மின்கலம். சில பலகைகளில் மின்கலம் இருக்கும். நியோ ஜியோ பலகைகளில் அது கசிந்து செப்புப் பாதைகளை அரித்துவிடும். 1993இல் வந்த கேப்காமின் சிபிஎஸ்-2 பலகையில் நிலைமை இன்னும் மோசம். விளையாட்டைத் திறக்கும் சாவி, மின்கலம் காக்கும் நினைவகத்தில் இருக்கிறது. மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும், விளையாட்டும் நின்றுபோகும். ஆர்வலர்கள் அதைத் 'தற்கொலை மின்கலம்' என்றே அழைக்கிறார்கள். 2016இல் ஆர்வலர் குழு ஒன்று அந்தச் சாவியை மீண்டும் எழுதும் வழியைக் கண்டறிந்தது. இறந்த பலகைகள் உயிர் பெற்றன. செய்த நிறுவனமே கைவிட்ட பொருளைப் பொறுமையுள்ள சிலர் காப்பாற்றிய கதை அது.

கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்கள் தீபாவளி இரவும் பொங்கல் விழாவும் சிறப்பாக நடத்துகின்றன. நானும் கோலம் போட்டிருக்கிறேன், பானை சுமந்திருக்கிறேன். அதோடு பருவத்துக்கு ஒரு நாள் 'பழுதுபார்க்கும் நாள்' நடத்தலாமே. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் 'ரிப்பேர் கஃபே' என்ற பெயரில் தொடங்கிய இந்தப் பழக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. மேசை, சில அயர்ன்கள், வீட்டில் கிடக்கும் மின்விசிறி, வானொலி, சோற்றுப் பானை. கூட்டம் சேர்க்க ஓர் ஓரத்தில் இரண்டு பேர் விளையாடும் ஆர்க்கேட் பலகை ஒன்று.

ஆசிரியருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். மாசாயிலும் ஸ்கூடாயிலும் பாசிர் கூடாங்கிலும் கூலாயிலும், இருபது ஆண்டுகள் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிய அம்மாக்களும் அத்தைகளும் இருக்கிறார்கள். கடையை மூடிவிட்ட தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மேடையில் பொன்னாடை போர்த்த அழைக்க வேண்டாம். மேசைக்கு அழையுங்கள். அயர்னைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். சான்றிதழ் இல்லாத காரணத்தால் அவர்களுடைய அறிவை நாம் அறிவாகவே எண்ணவில்லை. அவர்கள் கையோடு அது போய்விட்டால், அதைத் திரும்ப எழுதித் தர ஆர்வலர் குழு எதுவும் வராது.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் இடைநிலைப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மின்னணுவியல் வருகிறது. தேர்வு முடிந்ததும் அந்தப் பாடத்தை மூடிவிடாதீர்கள். விளையாட்டுப் பலகைதான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் கெட்டுப்போன எந்தப் பொருளும் போதும். முதலில் மின்செருகியைப் பிடுங்குங்கள். பிறகு, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள்.

அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். மெசின் கூடாவில் காசைப் போட்டால் காசு போகும். இந்தப் பலகையில் 403 ரிங்கிட்டும் ஏழு மாதங்களும் போட்டேன். அம்மாவின் எட்டு ஆண்டுகள் என்னவென்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

போன வாரம் இரண்டாவது பலகை வந்தது. பக்கத்துத் தாமானில் ஒருவர் சும்மா கொடுத்தது. திரையில் எதுவும் வரவில்லை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். பிறகு அயர்னை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ பாரு. நான் பக்கத்துலதான் இருக்கேன்."